நெல்லி மரத்துக்கு வைத்த இலை

லாஸ்யா பாகற்காய் வறுவலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கனகாவுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து இருட்டோடு எழுந்து, தலைக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, விளக்கேற்றி, கூட்டுக் குடும்பத்துக்கே சமைத்துப் போட்டு ஓய்ந்த உடம்பு அது. இன்று நெல்லி மரத்தடியில் கூடிச் சாப்பிடும் வனபோஜனத்துக்காகப் புளியோதரையும் சுழியனும் தூக்கு தூக்காகச் செய்து வேனில் ஏற்றி, விசாகப்பட்டினத்துக் கடற்கரைப் பூங்காவில் இறங்கியபோதே அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை படுத்தாமல் சாப்பிட்டால் அதுவே பெரிய புண்ணியம்.

"என்னடி அதிசயம்! உன் பொண்ணு இலைய வழிச்சு நக்குறா," என்றாள் ரமணம்மா, கனகாவின் மூத்த ஓரகத்தி. "வீட்டுல ஒரு வாய் ஊட்டறதுக்குள்ள தெருவையே கூட்டிருவீங்க ரெண்டு பேரும்."

"கடல் காத்து பசியக் கிளப்பிருச்சு போல, அக்கா."

"அப்ப தினமும் இங்கயே கொண்டாந்து விடு." சிரித்த ரமணம்மா, லாஸ்யா உட்கார்ந்திருந்த இடத்தைக் கவனித்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "அடிப்பாவி, இது மரத்துக்கு வச்ச இலைல்ல?"

வனபோஜனத்தில் முதல் தையல் இலை நெல்லி மரத்துக்கு. அவர்கள் குடும்பத்தில் அதற்கு வாய் திறக்காமல் பரிமாறுவார்கள். அந்த இலையின் முன்னால் நின்று யார் பேரையும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கனகாவுக்கு இது தெரியும். பந்தி முழுக்கக் குனிந்து பரிமாறி இடுப்பு விட்டுப்போன நேரத்தில், எதிரே பரிமாறிய ஓர் இலை ஆளில்லாமல் கிடந்தது, லாஸ்யாவைக் காணவில்லை. "லாஸ்யா, வந்து உக்காரு, சோறு ஆறுது" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கூப்பிட்டிருந்தாள். பிள்ளைகள் ஒளிந்து விளையாடியது அந்தப் பக்கம், புயல் கரையில் தூக்கிப் போட்டு இப்போது வேடிக்கைக்கு நிறுத்தியிருக்கும் விசைப்படகில். லாஸ்யா வந்தது நெல்லி மரத்துக்குப் பின்னாலிருந்து.

"பேர் சொல்லியா கூப்பிட்ட?"

"இல்லக்கா. அவளா வந்து உக்காந்துட்டா." இன்னொரு வசவைக் கேட்கத் தெம்பில்லை. பொய் சுலபமாக வந்தது.

ரமணம்மாவின் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சின்னம்மா, லாஸ்யாவக் கண்டுபிடிக்கவே முடி..." என்றவள் இலையைப் பார்த்து முகம் சுளித்தாள். "ஏய் திருடி! ஆட்டத்த விட்டுட்டு வந்துட்டியா?"

லாஸ்யா கடைசிப் பருக்கையையும் வழித்து வாயில் போட்டாள். இலையை மடித்தாள். யாரும் சொல்லாமலே.

சாப்பாடு முடிந்து எல்லோரும் ஜமுக்காளத்தில் தம்போலா ஆட உட்கார்ந்தார்கள். லாஸ்யா கனகாவின் மடியில் வந்து படுத்துக்கொண்டாள். நை நை என்று பிடுங்கவில்லை, ஐஸ் கேட்கவில்லை, அம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை. தலைமுடி ஈரமாக இருந்தது. நீர் இறைக்காத படகின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரின் வாசனை அதிலிருந்து வந்து, கற்பூரத்தையும் நெய்யையும் தாண்டி மூக்கில் ஏறியது. புடவை வழியாகத் தொடையில் குளிர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே நனைந்தாய் என்று கனகா கேட்கவில்லை. கேட்டால் எழுந்திருக்க வேண்டும், துவட்ட வேண்டும், மாற்றுப் பாவாடை தேட வேண்டும். எத்தனையோ நாளைக்குப் பிறகு கிடைத்த அமைதி. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அலைச் சத்தத்துக்கு நடுவே படகின் பக்கமிருந்து இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. டங். சற்று விட்டு, டங். யாரோ ரிப்பேர் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை யார் ரிப்பேர் பார்ப்பார்கள் என்றும் தோன்றியது.

மடியிலிருந்து ஒரு கை நீண்டு அவள் காதைப் பொத்தியது. இதமாக இருந்தது. கண் சொக்கியது.

வெயில் தாழ்ந்ததும் காவலாளி விசில் ஊதினான். ஆளுக்கொரு பாத்திரமாக வேனில் ஏற்றினார்கள். கணவன் சூரிபாபு முன் சீட்டிலிருந்து திரும்பினான். "எல்லாரும் ஏறியாச்சா? லாஸ்யா எங்க?"

"இங்கதாங்க. என் மடியில."

வேன் கிளம்பியது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டார்கள். மடி கனத்தது. தூங்கும் பிள்ளை கனக்கத்தான் செய்யும். அவள் முதுகில் கை வைத்தாள். முதுகு ஏறி இறங்கவில்லை.

இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள்.

வேன் பூங்காவின் கம்பி வேலியை ஒட்டித் திரும்பியது. வேலிக்கு உள்ளே ஒரு சிறுமி ஓடிவந்தாள். ஒற்றைச் செருப்பு. பாவாடையெல்லாம் துரு. முழங்கையில் ரத்தம். வாயை அகலத் திறந்து எதையோ கத்தினாள். சத்தம் உள்ளே வரவில்லை. உதடுகள் மட்டும். அம்மா. அம்மா.

லாஸ்யா.

கனகா வாயைத் திறந்தாள். மடியிலிருந்து சிறிய ஈரக் கை எழுந்து அதை மூடியது. பல்வரைக்கும் சில்லிட்டது.

"தூங்கும்மா," என்றது மடியில் கிடந்தது, மகளின் குரலில். "நீ ரொம்ப அசந்து போயிருக்க."

சூரிபாபு கண்ணாடியில் பார்த்தான். மகள் தாயைக் கொஞ்சுகிறாள் என்று சிரித்துக்கொண்டே உள் விளக்கை அணைக்கச் சொன்னான்.

வெளியே லாஸ்யா கம்பிகளைத் தட்டித் தட்டி வேனோடு கூடவே ஓடிவந்தாள். வேலியின் மூலை வந்தது. அதற்கு மேல் அவளால் ஓட முடியவில்லை.