டெய்சி உடைக்காத கம்ப்யூட்டர்

பள்ளிப் பொருட்காட்சிக்கு ஒரு நாள்தான் இருந்தது. அது 1999ஆம் வருடம். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் இருந்த அந்தப் பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் தங்கள் வீட்டைப் பற்றி எழுதி வைத்திருந்தார்கள்.

பார்க்க வருகிறவர்கள் அந்த வீட்டுக்குப் போகும் வழியைக் கீபோர்டில் தட்ட வேண்டும். முதலில் கேம்ப் என்கிற சுரங்கக் குடியிருப்பு, பிறகு அதில் வீடு இருக்கும் லைன், கடைசியில் பிள்ளையின் பெயர். உடனே அந்தப் பக்கம் திரையில் வரும். அதற்கான புரோகிராமை எழுதியவன் ரூபேஷ். கெட்டிக்காரன்தான். அதைத் தானே சொல்லிக்கொண்டும் திரிவான்.

டெய்சி தன் பக்கத்தைத் திறந்து பார்க்க உட்கார்ந்தாள். தபால் உறையில் எழுதுகிற மாதிரியே பெயரை முதலில் போட்டாள், பிறகு லைன், பிறகு கேம்ப். அப்படி ஒரு வழியே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதோடு புரோகிராம் நின்றுபோனது.

"இன்னா பண்ணே? ஒடைச்சிட்டியா?" என்றான் ரூபேஷ்.

டெய்சிக்கு முகம் செத்துப்போனது. தான் எழுதியதும் அழிந்துபோனது என்றே நினைத்தாள். அதைப் படிப்பதற்காகவே அவள் அம்மா ஐடா, தன் ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு சொல்லியிருந்தார். நாளைக்கு வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடப் போவதாக, பக்கத்தில் நின்ற தோழி வாணியிடம் சொன்னாள்.

வாணிக்குக் கோபம் வந்தது. டெய்சி மேல் அல்ல, புரோகிராம் மேல். வாணியின் அப்பா சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டுபவர். கீழேயிருந்து அடிக்கும் சைகை மணி தப்பாக வந்தால் அவர் கேஜை நகர்த்த மாட்டார். கோபித்துக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட மாட்டார். சரியான மணி வரட்டும் என்று காத்திருப்பார். இந்தப் புரோகிராமுக்கு மட்டும் என்ன வந்தது?

"தப்பா அடிச்சா இன்னா செய்யணும்னு நீ அதுக்குச் சொல்லவே இல்ல ரூபேஷ்."

"கரெக்டா அடிச்சா தப்பு ஏன் வருது?"

"நாளைக்கு வர்றவங்க அத்தினி பேரும் கரெக்டா அடிப்பாங்களா?"

ரூபேஷ் ஓரமாக நகர்ந்து வழிவிட்டான்.

கம்ப்யூட்டர் சார் கிளாரன்ஸிடம் கேட்டுவிட்டு வாணி உட்கார்ந்தாள். தப்பு நேர்ந்தால் நிற்காமல் வேறு வரிக்குப் போகச் சொல்லும் கட்டளை, வகுப்பில் படித்ததுதான். போகிற இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்றுதான் அவள் வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் இப்படி எழுதினாள்: 'இந்த வழியில் பக்கம் இல்லை. எதுவும் கெட்டுப்போகவில்லை. கேம்ப், லைன், பெயர் என்ற வரிசையில் மறுபடி தட்டுங்கள்.'

ஓட்டிப் பார்த்தால், அதே மூன்று வரி திரை நிறைய ஓடிக்கொண்டே இருந்தது. ரூபேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு குனிந்து பார்த்து, வழியைக் கேட்கும் வரிக்கு அது திரும்பவே இல்லை என்று அவனே சுட்டிக்காட்டினான்.

வாணி அதைச் சரிசெய்துவிட்டு டெய்சியைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே தப்பாக அடிக்கச் சொன்னாள். டெய்சி ஒற்றை விரலால் பயந்து பயந்து தட்டினாள். கம்ப்யூட்டர் பொறுமையாகத் திருப்பிக் கேட்டது. இந்த முறை கேம்பை முதலில் போட்டாள். அவளுடைய பக்கம் முழுசாக வந்தது. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. டெய்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் ஐடா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டார். அடுத்ததாகத் தலைமையாசிரியை ஞானசுந்தரி உட்கார்ந்தார். ஏதோ தட்டினார். 'இந்த வழியில் பக்கம் இல்லை' என்று வந்ததும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

டெய்சி பார்த்துவிட்டாள். பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணும் ஆவல மிஸ். இன்னொரு வாட்டி அடிங்க."