இரண்டாவது துகள்

லேசரை அணைத்த பிறகும் அந்தத் துகள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"என்ன அடம் உனக்கு?" என்று திரையைப் பார்த்து அதட்டினாள் அவள். நுண்ணோக்கியின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர். அதற்குள் கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் துகள்கள். லேசர் கதிரின் முனை ஒரு துகளைக் கவ்விப் பிடிக்கும். அணைத்தால் அது தள்ளாடிக்கொண்டே தன் வழியில் போய்விடும். இது போகவில்லை.

காலையிலிருந்தே அது திமிறிக்கொண்டுதான் இருந்தது. 'திமிறினால் கதிரைக் கூட்டாதே, குறைத்துவிட்டுப் பொறு' என்று பேராசிரியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கூட்டினால் தண்ணீர் சூடாகும், சூடான தண்ணீர் மேலே எழும்பும், அந்த இடத்துக்குப் பக்கத்துத் தண்ணீர் ஓடி வரும், வரும்போது சும்மா கிடந்த துகளையும் இழுத்துக்கொண்டு வந்து ஒட்டவைத்துவிடும். அப்புறம் இரண்டும் வீண். எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் பசி. பக்கத்து அறையில் கணக்குப் போடும் தங்கை வேறு சாப்பிடாமல் காத்திருந்தாள். அது திமிறத் திமிற இவள் கூட்டிக்கொண்டே போனாள்.

இப்போது திரையில் இன்னொரு துகள் மெல்ல மிதந்து வந்தது. முதல் துகளோடு ஒட்டிக்கொண்டது. லேசரை அணைத்து உருவிய சாவி இவள் கையில் இருக்கும்போதே.

பிடரியில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. அந்த அறையில் உச்சி வெயில்கூட நுழையாது. கதவை அடுத்துத் தரைவரை கறுப்புத் திரைச்சீலை, மற்றபடி கணினியின் வெளிச்சம் மட்டும்தான். நெடுநாள் கழித்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினால் வரும் தூசி வாடை மூக்கில் ஏறியது. லேசர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

அப்போதுதான் தூசியைக் கவனித்தாள். அது அவள் தலைக்கு மேலே கூட்டமாக எழும்பியது, கூரையைத் தொட்டுப் பரவியது, சுவரோரமாக இறங்கியது, தரையை ஒட்டி ஊர்ந்து அவள் காலுக்கே திரும்பி வந்தது. அறையில் சூடாக இருப்பது அவள் மட்டுந்தான்.

எழுந்தாள். கயிறு இல்லை, கை இல்லை, யாரும் அமுக்கவில்லை. ஆனாலும் குழந்தையை உட்கார வைப்பதுபோல் பதமாக நாற்காலியிலேயே திரும்ப வைக்கப்பட்டாள்.

திமிறினாள். சூடு ஏறியது.

இன்னும் திமிறினாள். இன்னும் ஏறியது.

யாரோ கூட்டுகிறார்கள்.

அசையாமல் உட்கார்ந்தாள். மூச்சைக்கூட அளந்து விட்டாள். சூடு தணிந்தது. தூசி சோம்பலாகச் சுற்றியது. அப்பாடா. சும்மா இருந்தால் போதும். எவ்வளவு நேரமானாலும் சரி.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"அக்கா, எவ்ளோ நேரமா கூப்பிடறேன்? பசி உயிர் போகுது!" திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தங்கையின் குரல்.

"உள்ள வராத. நீ போய்ச் சாப்பிடு," என்றாள், உதடு மட்டும் அசைய.

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? அழறியா?"

"ஒண்ணுமில்ல. போ."

"பொய் சொல்லாத. இரு, வரேன்."

வேண்டாமென்றால் அதைத்தான் செய்வாள் இந்தக் கழுதை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். திரைச்சீலையின் ஓரத்தில் அவள் விரல்கள் தெரிந்தன, மோதிர விரலில் மை ஒட்டியிருந்தது. அந்த விரல்களைப் பார்த்ததும் அக்காவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

"வராதடி! ஓடு! ஓடிப் போயிடு!"

கத்தினாள். உதைத்தாள். நாற்காலியிலிருந்து உடம்பைப் பிய்த்துக்கொள்ளப் பார்த்தாள்.

சூடு குப்பென்று ஏறியது. திரைச்சீலை உள்பக்கமாக உப்பியது. மேசைக் காகிதங்கள் அவளை நோக்கி வழுக்கி வந்தன. செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று உறைத்தபோது கதவு தானாக அறைந்து மூடிக்கொண்டது.

"அக்கா... யாருக்கா என்னைத் தள்ளறது?"

தங்கை உள்ளே வந்துவிட்டாள். செருப்பு ஒன்று கழன்று தரையில் கிடந்தது. முடி மேலே எழும்பி நின்றது. தரையில் படாத கால்கள் நடக்கவே இல்லை. ஆனாலும் அவள், மெல்லச் சுழன்றுகொண்டே, அக்காவை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.