காணும் பொங்கல் கடைசி டிரிப்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஆட்டோவில் ஏறினால் நம்பரை போனில் குறித்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் பாவாடை, "சந்திரகலாவ போலீஸ்ல எடுத்திருந்தா பாண்டிச்சேரில ஒரு திருடன் இருந்திருக்க மாட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும், "நீ எதைத்தான் சந்தேகப்படாம வுட்ட?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கடலில் ஒரு சுற்றுப் போய்வரும் மாடிப் படகில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. அவர் படகு ஓட்டுகிறவர். நான் பெயர் எழுதி, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, கடலில் மைக் பிடித்து இது லைட் ஹவுஸ், அது பழைய பாலம் என்று சொல்லி, திரும்பி வந்ததும் ஜாக்கெட்டை எண்ணி வாங்கி வைக்க வேண்டும். மொத்தம் நாற்பது ஜாக்கெட். பெரியவர்களுக்கு ஆரஞ்சு, பிள்ளைகளுக்கு ஐந்து மஞ்சள். படகுத்துறைச் சுவரில் நாற்பது கொக்கி இருக்கிறது. கொக்கி எல்லாம் காலியானால் படகு நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆட்களைத் தலை எண்ணி ஏற்ற வேண்டும் என்றுதான் ஆபீஸில் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் எண்ணுவதில்லை. இரண்டு பேருமே மீன்பிடிக்கிற குடும்பம். எங்கள் வீடுகளில் கடலுக்குப் போகிறவர்களின் தலையை எண்ணக் கூடாது. என் மாமனார் படகில் சாப்பாட்டுத் தூக்கை எண்ணுவார், சட்டையை எண்ணுவார், ஆளை மட்டும் எண்ண மாட்டார். ஏன் என்று கேட்டால் முறைப்பார். அதனால் நாங்களும் ஜாக்கெட்டை எண்ணி ரெஜிஸ்டரில் எழுதிவிடுவோம். மூன்று வருஷமாகக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

காணும் பொங்கல் அன்று காலையிலிருந்தே கூட்டம் நெரிந்தது. மாலை ஐந்து மணிக்குக் கடைசி டிரிப். கடைசியாக வந்து ஏறியது முல்லா வீதிக்காரர்கள். உஸைர், அவர் மனைவி சலீமா, ஆறு வயது மகள் லமீஸ். பிள்ளைக்கு முப்பத்தெட்டாம் நம்பர் மஞ்சள் ஜாக்கெட்டை நான்தான் மாட்டிவிட்டேன்.

"டைட்டா இருக்காடா?"

"பரவால்ல, மூச்சு வுட முடியுது" என்றாள் பெரிய மனுஷி மாதிரி. எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

நாற்பது கொக்கியும் காலி. படகு கிளம்பியது. பண்டிகைக்காகக் கடலுக்குப் போகாத விசைப்படகுகள் இரண்டு பக்கமும் கட்டிக் கிடந்தன. முகப்பில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாடிப்போய்த் தொங்கின. முகத்துவாரத்தைத் தாண்டும்போது முதல் அலை தூக்கிப் போட்டது. எல்லாரும் கத்திவிட்டுச் சிரித்தார்கள்.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன்.

கீழ்த்தட்டில் கடைசி பெஞ்சு. பச்சைப் பட்டுப் புடவை. எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, படகு கிழித்துவிட்டு வந்த தண்ணீரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னல் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. லைஃப் ஜாக்கெட் போடவில்லை.

ஓசி டிக்கெட் என்று நினைத்தேன். அடுத்த நொடியே என் சந்தேகம் பாவாடை மேல் திரும்பியது. போகி அன்று அவருடைய சித்தப்பா மகளை எனக்குத் தெரியாமல் ஏற்றிக்கொண்டு போன ஆள் அவர். விடுவிடுவென்று கேபினுக்குப் போனேன்.

"யாருய்யா அது, கடைசி பெஞ்சுல?"

"எது?"

"பச்சைப் பொடவை. ஜாக்கெட்டு இல்லாம குந்திகினு இருக்கா. உங்க சொந்தமா?"

"ஆரம்பிச்சிட்டியா? நல்ல நாளும் அதுவுமா!" அவர் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாப்பது கொக்கியும் காலியாச்சா இல்லியா? அப்ப நாப்பது பேரு. போயி மைக்கப் புடி."

திரும்பி வந்தேன். பெஞ்சு காலி.

நடுவில் இருப்பது ஒரே நடைபாதை. என்னைத் தாண்டி யாரும் வரவில்லை. பெஞ்சு நனைந்து, ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சை மஞ்சளின் வாசனை அடித்தது. அதற்கு அடியில் வேறொரு நாற்றம். முகத்துவாரத்தில் தூர் வாரும்போது அடியிலிருந்து ஒரு கறுப்புச் சேறு வரும், அதன் நாற்றம்.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பாட்டும் செல்ஃபியுமாக இருந்தார்கள். பச்சைப் புடவை இல்லை. இறங்கி வந்தால், அதே பெஞ்சில் அதே முதுகு. என்னோடு விளையாடுகிறாள் என்று எனக்கு எரிச்சல் ஏறியது.

"ஏம்மா, உன்னையத்தான். டிக்கெட்டு எங்க?"

அவள் திரும்பவில்லை. அதற்குள் பழைய பாலத்தின் தூண்கள் வந்துவிட்டன. மைக்கை எடுக்க வேண்டியிருந்தது. இடது பக்கம் பீச் ரோடு, மனிதத் தலைகளாக இருந்தது. கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. ஊரில் இன்னும் வெளிச்சம் இருக்க, கடல் மட்டும் இருட்டத் தொடங்கியிருந்தது. நான் லைட் ஹவுஸைப் பற்றி மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே கண்ணை அந்த முதுகில் வைத்திருந்தேன். அவளைக் கரையில் பிடித்து, அவர் முன்னால் நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

படகு திரும்பியது. பயணிகளுக்குக் காட்ட வேண்டியதைக் காட்ட ஒரு நிமிஷம் மறுபக்கம் பார்த்தேன்.

மறுபடி பார்த்தபோது அவள் ஜாக்கெட் போட்டிருந்தாள்.

மஞ்சள் ஜாக்கெட்.

அது ஆறேழு வயதுப் பிள்ளைக்கானது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு தோளில்கூட ஏறாது. ஏறியிருந்தது. வார்கள் இரண்டு பக்கமும் முன்னால் போய்ச் சரியாகப் பூட்டியிருப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. அந்த உடம்பு அதற்குள் எப்படி அடங்கியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முதுகில் நம்பர் முப்பத்தெட்டு.

அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பிள்ளையிடமிருந்து பிடுங்கி மாட்டியிருக்கிறாள் திருட்டுச் சிறுக்கி என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. அப்படியென்றால் பிள்ளை எதைப் போட்டிருக்கிறது?

சலீமா ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"லமீசு எங்கம்மா?"

"மேலக்கா. அவ அத்தாகிட்ட."

மாடிக்கு ஓடினேன். உஸைர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்ட போறேன்னு அப்பவே கீழ போயிட்டாளே" என்றார்.

கேபின் கதவை எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை.

"நிறுத்துய்யா. புள்ளயக் காணோம்."

அப்போதும் அவர் கேட்டது இதைத்தான்: "ஜாக்கெட்ட எண்ணுனியா?"

"ஜாக்கெட்டு நாப்பதும் இருக்குய்யா. புள்ளதான் இல்ல!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. எஞ்சினை அணைத்தார். பாட்டும் நின்றது. அலை படகில் வந்து அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ பின்னால் சலீமா பிள்ளையின் பெயரைச் சொல்லி அலறத் தொடங்கினாள்.

நான் பின்பக்கம் ஓடினேன்.

பெஞ்சில் யாருமில்லை. மஞ்சள் ஜாக்கெட் மட்டும் கிடந்தது. வார் எல்லாம் பூட்டியபடியே இருந்தது. நீர் சொட்டியது.

கம்பிக்கு வெளியே தண்ணீரில் இறங்குகிற இரும்பு ஏணி உண்டு. குனிந்து பார்த்தேன்.

கடைசிப் படியில் பிள்ளை உட்கார்ந்திருந்தது.

முதுகு என் பக்கம். இரண்டு காலும் தண்ணீருக்குள். தலை குனிந்திருந்தது. யாரோ கீழிருந்து சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"லமீசு."

திரும்பவில்லை.

கம்பியில் வயிற்றை வைத்துத் தொங்கி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். கனத்தது. ஆறு வயதுப் பிள்ளையின் கனம் இல்லை. துணி தண்ணீர் குடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மார்போடு அணைத்தபோது அதன் கை என் கழுத்தைச் சுற்றியது, ஐஸ் பெட்டியில் கை விட்ட மாதிரி குளிர்ந்தது. மஞ்சள் வாசனை அடித்தது. அடித்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் யார் மூக்கை நம்புவார்கள்? பிள்ளை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் மனதில் இருந்தது. நான் அழுதுகொண்டே போய் சலீமாவின் கையில் கொடுத்தேன். அவள் பிள்ளையின் முகமெல்லாம் முத்தமிட்டாள். உஸைர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படகே கைதட்டியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

கரையில் நாற்பது ஜாக்கெட்டும் கொக்கிக்கு வந்தன. "நாப்பதும் வந்துடுச்சி. மாரியாத்தா காப்பாத்துனா" என்றார் பாவாடை.

நான் இறங்குகிற பலகையின் ஓரத்திலேயே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பச்சைப் புடவை இறங்கவில்லை. எல்லாரும் போன பிறகு டார்ச் அடித்துப் படகு முழுக்கத் தேடினேன். கழிவறை, கயிற்றுப் பெட்டி, எஞ்சின் அறை, எங்கேயும் இல்லை. பாவாடை படகுத்துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேலி செய்யவில்லை. அன்றிரவு வீட்டில் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகல் நேரம் சலீமா வந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய தம்ரூட் இனிப்பு செய்து எடுத்து வந்திருந்தாள். கூட லமீஸ். முதல் டிரிப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. பாவாடை டீசல் வாங்கப் போயிருந்தார். படகில் ஏறுகிற மிதக்கும் மேடையில் நாங்கள் மூன்று பேர்தான். பிள்ளை நேராகப் போய் விளிம்பில் நின்று தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தது.

சலீமா இளைத்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி தூக்குனீங்களே, அப்ப அவ மூஞ்சியப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. முதுகுதான் தெரிஞ்சிது. ஏன், என்னாச்சு?"

"மூஞ்சி அவ மூஞ்சிதான்" என்றாள். பிள்ளை பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "லமீசு இடது கைக்காரிக்கா. சோத்தையும் அந்தக் கையாலதான் அள்ளுவா. எங்க மாமி திட்டிப் பாத்தாங்க, அடிச்சிப் பாத்தாங்க, மாறல. அன்னைக்கி வீட்டுக்குப் போயி உக்காந்து வலது கையால சாப்ட்டா. அதுலேர்ந்து எல்லாமே வலது கைதான். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். பயந்ததுல புள்ள திருந்திடுச்சாம். எனக்கு மட்டும் மனசு ஒப்பல."

"சின்னப் புள்ள. பயத்துல..." என்று ஆரம்பித்தேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"பத்து நாளா என்னைய அம்மான்னு ஒரு தடவ கூப்புடல. ராத்திரி எந்நேரம் முழிச்சிப் பாத்தாலும் கண்ணத் தொறந்துகினே படுத்திருக்கா. அவருகிட்ட சொன்னா, ஒனக்குத்தான் டாக்டரப் பாக்கணும்ங்கறாரு. நீங்களாவது சொல்லுங்கக்கா. நான் பெத்தவ. எனக்குத் தெரியாதா?"

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: ஜாக்கெட் போட்ட நாற்பது பேர், போடாத பச்சைப் புடவை ஒன்று. அன்று படகில் ஏறியது நாற்பத்தோரு பேர். இறங்கியது நாற்பது. பச்சைப் புடவை இறங்கவில்லை என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பூட்டை, ஆட்டோக்காரரை, கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டவள், கையில் தூக்கினதை ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு போய்த் தாயின் மடியில் வைத்தது நான்.

அப்போது சத்தம் கேட்டது.

எங்கள் காலுக்கு அடியில், மிதவையின் அடிப்பக்கத்தில்.

டொக். டொக். டொக்.

சலீமா என்னைப் பார்த்தாள். "என்னாக்கா அது?"

விளிம்பில் நின்ற பிள்ளை தலையைத் திருப்பாமலே சொன்னது. "மீனு."

நான் மீன்காரர் வீட்டில் பிறந்தவள். மீன் மிதவையில் மோதினால் ஒரு தடவை மோதிவிட்டு ஓடிவிடும். இது மூன்று தடவை தட்டிவிட்டு நிறுத்தியது. காத்திருந்து, மறுபடியும் மூன்று தடவை தட்டியது.

சலீமா மண்டியிட்டாள். பிறகு அப்படியே குப்புறப் படுத்தாள். இரண்டு மிதவைகளுக்கு நடுவே விரல் நுழைகிற அளவு இடைவெளி உண்டு. அதில் வாயை வைத்து, தூங்குகிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற குரலில், மெதுவாகக் கூப்பிட்டாள்.

"லமீசு."

பக்கத்தில் நின்ற பிள்ளை திரும்பவில்லை.

கீழே தட்டுவது வேகமாயிற்று. பிறகு அது நிற்கவே இல்லை.