தண்ணீர் திரும்பாத துளை

மணி பிளான்ட் வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் இல்லை. நேற்றுச் சாயங்காலம்தான் ஜென்சி அதைக் கழுத்துவரை நிரப்பியிருந்தாள். வெளியே பீர்க்கன்கரணை முழுக்க மழையில் ஊறிக் கிடந்தது. ஏரி தளும்பித் தெருமுனைவரை வந்திருந்தது. துவைத்த துணி காயாமல் வீடே முடைநாற்றம் எடுத்தது. இந்த ஒரு பாட்டில் மட்டும் துணியால் துடைத்துக் கவிழ்த்து எடுத்தமாதிரி காய்ந்திருக்க, வேர்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"தாகமா இருந்துச்சு ஜென்சி," என்றான் எட்மண்ட், கட்டிலில் படுத்தபடியே. "கேன் காலி."

கேன் நேற்றுத்தான் வந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சேலத்து வேலையிலிருந்து திரும்பிய நாளாய் இதே கதைதான். குடிக்கிறான், குடிக்கிறான், குடித்துக்கொண்டே இருக்கிறான். பாத்ரூம் பக்கம் போவதே இல்லை. அவ்வளவு தண்ணீரும் எங்கேதான் போகிறது? சுகர் டெஸ்ட் நார்மல். டென்ஷன், ரெஸ்ட் எடுக்கட்டும் என்றார் டாக்டர். டென்ஷனாம்! டென்ஷனில் யாருக்காவது முழங்கால் மடங்காமல் போகுமா? தோல் சோப்புக்கட்டி மாதிரி வழவழக்குமா? வயிறு ஒட்டிப்போன மனுஷன் திரும்பிப் படுத்தால் தேக்குக் கட்டில் ஏன் முனகுகிறது? அவளுக்கு அழுகையாக வந்தது. அழுதால் அவன் பயந்துவிடுவான் என்று அடக்கிக்கொண்டாள்.

இருவரும் ஜியாலஜிஸ்ட்கள். கல்லூரியில் ஒரே வகுப்பு, அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் வாடி, போடாதான். நிக்கல் தேடுகிற சின்னக் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வேலை. சேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடப்பது அல்ட்ராமேஃபிக் பாறை. பூமியின் அடிவயிற்றிலிருந்து வந்த கரும்பச்சைக் கல். நிக்கல் தேடுபவர்கள் அந்தக் கல்லைத்தான் முதலில் தேடிப் போவார்கள். அதற்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் பட்டால் குடிக்கும், குடித்து உப்பும், உப்பி வேறொரு கல்லாக மாறும். அதற்கு யுகக்கணக்கில் ஆகும் என்று இருவரும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்கள்தான்.

துளை போடும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே போடவேண்டும். விட்ட தண்ணீர் சேறாக மேலே திரும்பி வரும். கடைசித் துளையில் வரவில்லை. "லாரி லாரியா ஊத்தறோம், ஒரு சொட்டு மேல வரல. சரியான குடிகாரக் கல்லுடி!" என்று எட்மண்ட் அங்கிருந்து போனில் சிரித்தான். துளையிலிருந்து எடுத்த உருளைக் கல்லைக் கோர் என்பார்கள். காய்ந்திருந்தால் எல்லாக் கோரும் சாம்பல் பூசினமாதிரி ஒரே நிறம். ஈரம் பட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். கையில் ஸ்ப்ரே பாட்டில் இல்லையென்றால் ஜியாலஜிஸ்ட் நக்கிப் பார்த்துவிடுவான். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் தொழிலில் இருப்பவர்களுக்கு அது கொட்டாவி விடுகிற மாதிரி, தன்னால் வரும். எட்மண்டும் நக்கினான். "பித்தளை மாதிரி மின்னுது ஜென்சி! நிக்கல்டி!" என்றான். அன்று இரவே தாகம் ஆரம்பித்தது.

மத்தியானம், கல்லை நக்கின விஷயத்தைச் சொன்னதும், டாக்டர் போனில் கத்தினார். "இதை முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? அவர் வாயில வெச்ச கல்லைக் கொண்டு வாங்க. என்ன விஷம்னு தெரியாம நான் எதைக் குடுக்கிறது?" ஆம்புலன்ஸ் தெருமுனைத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. கோர் எல்லாம் அனகாபுத்தூரில், கம்பெனி வாடகைக்குப் பிடித்த பழைய தோல் கோடவுனில் இருந்தது. வீட்டிலிருந்த பக்கெட், குடம், குக்கர் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துக் கட்டிலைச் சுற்றி வைத்தாள். அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நெற்றி ஜில்லென்று இருந்தது.

"சீக்கிரம் வந்துருடி," என்றான்.

ஆட்டோக்காரன் தீனா வழியெல்லாம் புலம்பினான். "இன்னாக்கா நீ, ஆத்துல தண்ணி ஏறிகினு கீது, ஊரே மேட்டுக்கு ஓடுது, நீ பள்ளத்துக்குப் போறேன்ற. பேஜார்க்கா!"

"என் வீட்டுக்காரர் உயிர், தம்பி."

அவன் வண்டியை விரட்டினான். கோடவுன் வாசலில் இறக்கிவிட்டுச் சந்து முனை மேட்டில் நின்றான்.

கரண்ட் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மழை தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது, ஓட்டைகள் வழியாக ஒழுகியது, எந்தக் காலத்திலோ ஊறவைத்த தோல்களின் வாடை சுவரிலிருந்து கிளம்பித் தொண்டையைப் பிடித்தது. கணுக்காலளவு தண்ணீரில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கோர் அடுக்கிய மர ட்ரேக்களின் வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். நடக்க நடக்க ஒன்று உறைத்தது. செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போடவில்லை. டார்ச்சைக் கீழே காட்டினாள். தரை காய்ந்திருந்தது. புழுதி பறந்தது. நாற்புறமும் தண்ணீர் நிற்க, அந்தக் கடைசித் துளையின் ட்ரேயைச் சுற்றி மட்டும் பொட்டு ஈரமில்லை.

ட்ரே வெடித்திருந்தது. மணிக்கட்டு பருமனில் அடுக்கிவைத்த கோர் இப்போது தொடை பருமன். பலகைகளைப் பிளந்துகொண்டு வெளியே பிதுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தது.

ஓடிவிடலாம் போலிருந்தது. எட்மண்டை நினைத்துக்கொண்டாள். பையிலிருந்து சுத்தியலை எடுத்துத் தட்டினாள். நாலைந்து சில்லுகள் உதிர்ந்தன. எல்லாம் ஒரே சாம்பல். அவன் சொன்ன பித்தளை மினுக்கம் எதில்? தப்பான கல்லைக் கொண்டுபோனால் தப்பான மருந்து. பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். அதையும் வீட்டிலேயே அவன் காலி செய்திருந்தான். ஆற்றின் இரைச்சல் சுவருக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டது. அவசரம். நாலடி தள்ளி நின்ற தண்ணீரில் நனைக்கலாம் என்பதுகூடத் தோன்றவில்லை. ஒரு சில்லை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், திருப்பினாள், நக்கினாள்.

மின்னியது.

அப்புறம்தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

ஐயோ. கர்த்தாவே. ஐயோ.

நாக்கு கல்லில் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். விடவில்லை. பல்லைக் கடித்துப் பிய்த்தெடுத்தாள். துப்பினாள். துப்ப எச்சில் இல்லை.

ஆட்டோவில் வரும்போது, பம்மல் தாண்டும்முன், சீட்டுக்குப் பின்னால் கிடந்த பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டாள்.

"அக்கா! யக்கோ! அது வண்டி தொடைக்கிற தண்ணிக்கா!" தீனா பிரேக் போட்டான்.

சோப்பு வாடை, கிரீஸ் வாடை. காலி. உயிர் வந்தமாதிரி இருந்தது. உடனே போய்விட்டது. மடியில் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். முதலில் அவனை ஒருதரம் பார்த்துவிட வேண்டும்.

பீர்க்கன்கரணையில் பொழுது மங்கியிருந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். தீனா மேட்டிலேயே நின்றுவிட்டான். அவள் இறங்கி நடந்தாள். தண்ணீர் அவளைப் பின்னாலிருந்து தள்ளியது. தெருவின் தண்ணீரெல்லாம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சாக்கடை, செருப்பு, பால் பாக்கெட் கவர், எல்லாம். அவள் வீட்டு வாசலுக்கு.

கதவு திறந்திருந்தது. படிவரை தண்ணீர். படிக்கு உள்ளே டைல்ஸ் பளபளவென்று காய்ந்திருந்தது.

"எட்மண்ட்?"

பக்கெட்டுகள் நசுங்கிக் கிடந்தன. கட்டில் இல்லை. கட்டிலின் சிராய்கள் இருந்தன. சுவரிலிருந்து சுவர்வரை அவன் இருந்தான். கரும்பச்சையாக. வழவழப்பாக. தோள் அலமாரியைச் சுவரோடு அழுத்தியிருந்தது. கை எது, கால் எது? வாய் இருந்த இடத்தில் ஒரு கோடு. கண்கள் மட்டும் எட்மண்டின் கண்கள்.

அவை அவளைப் பார்த்தன. அவள் கையிலிருந்த கல்லைப் பார்த்தன. அவளுடைய காய்ந்து வெடித்த உதட்டைப் பார்த்தன. புரிந்துகொண்டன.

"போயிடு... ஜென்சி." அரைக்கிற சத்தம். "பக்கத்துல... வராத."

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அந்த வீட்டில் ஈரமாக இருந்தது அது ஒன்றுதான்.

"அழாதடா. நான் வந்துட்டேன்ல," என்றாள். சொன்னதாக நினைத்தாள். தொண்டையில் சத்தமே வரவில்லை. கல் கையிலிருந்து நழுவியது. மண்டியிட்டாள். அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். துடைக்கத்தான் குனிந்தாள், சத்தியமாகத் துடைக்கத்தான்.

நாக்கு முந்திக்கொண்டது.

ஒரு கண் காய்ந்தது. அவன் மற்ற கண்ணை மூடப் பார்த்தான். இமை அசையவில்லை. அவள் அந்தக் கண்ணுக்குப் போனாள்.