முதல் படகுக்கு முன்னால் வந்தவள்

2008 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, ஜஸீலா படகில் ஆற்றைக் கடந்து அக்கரையிலுள்ள டாலாவில் இறங்கினாள். வாய்க்கால் ஓரம் மரத்தூண்களின் மேல் நின்ற பழைய வீடு அது. மே மாதப் புயலில் போன கூரைக்குப் பதிலாகத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உள்ளே சேற்று வாடை அடித்தது.

பர்மிய வழக்கப்படி பெரியவருக்கு 'ஊ', பெண்ணுக்கு 'மா' என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடும் ஊர் அது. ஊ கருப்பையா பட்டாளத்தில் கண்ணிவெடிக்கு இரண்டு கால்களையும் கொடுத்தவர். முதியோர் இல்லத்துக்குப் போக மறுத்துவிட்டார். அக்கம்பக்கத்துக்காரர்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். ஆனால் தன் உடம்பைத் தொடுகிற ஆளை அவரேதான் தேர்ந்தெடுப்பார். நான்கு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஜஸீலாவை வரச்சொல்லியிருந்தார்.

"பவுனம்மா பதினோரு வருஷம் என்னைப் பாத்தா. புயலன்னைக்குப் போட்டுட்டு ஓடிட்டா. நீ ஓடமாட்டியே, மா ஜஸீலா?"

"மாட்டேங்கய்யா."

வெந்நீரோடு கிட்டே போனாள். அவர் தலையிலிருந்து ஏற்கெனவே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு குளிப்பாட்டினாங்க?"

கிழவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். முதல் படகில் வந்தாலும் அவளுக்கு முன்னால் யாரோ வந்து போயிருந்தார்கள்.

இரண்டாம் வாரம் பக்கத்து ஊரான த்வாண்டேயிலிருந்து பவுனம்மாவின் மகள் மஞ்சுளா வந்தாள். படியிலேயே நின்று கேட்டாள்.

"எங்கம்மா ஓடுறவ இல்லக்கா. ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க."

"ஓடித்தாம்மா போயிருக்காங்க. வீணா அலையாதே" என்றாள் ஜஸீலா. கிழவரின் பேச்சை அவள் அப்படி நம்பியிருந்தாள். மஞ்சுளா படியிறங்கிப் போனாள்.

மறுநாள் ஜஸீலா வாசலை அடைந்தபோது உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

மெதுவாக. ஒவ்வொரு குவளையாக.

கதவைத் தள்ளினாள்.

கிழவர் தனியாகத்தான் இருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார். ஈரத்தலையில் முடி தானாக விலகி, நேராக வகிடு பிரிந்துகொண்டிருந்தது.

"கையை எடு, பவுனு" என்று முனகினார். "தெரியாம தள்ளிட்டேன்."

ஜஸீலாவின் கையிலிருந்த பை நழுவியது. "யாரைத் தள்ளினீங்க?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியதும் பவுனம்மா அவரைத் தூக்கிப் பரண்மேல் விட்டிருக்கிறாள். பிறகு தானும் ஏறக் கை நீட்டியிருக்கிறாள்.

"பலகை கிறீச்சுன்னுச்சு. ரெண்டு பேரைத் தாங்காதுன்னு நெனச்சேன். அவ விரலை ஒவ்வொண்ணா பிரிச்சுவிட்டேன்."

"அப்புறம் ஓடிட்டான்னு ஊரையே நம்ப வச்சீங்க."

அவர் ஈரத்தலையைக் கையால் மூடிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்து என் வாயாலயும் அதைச் சொல்லவச்சிட்டீங்களே! மஞ்சுளாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா இந்தத் தெருவுல ஒருத்தர் சோறு போடுவாங்களா? போகாதே. என்னை அவகிட்ட விட்டுட்டுப் போகாதே."

ஜஸீலா போய்விட்டாள். அன்றே த்வாண்டேக்குப் பேருந்து ஏறி மஞ்சுளாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடிக்கும்வரை அந்தப் பெண் அவள் கையை விடவேயில்லை.

நான்காம் நாள் இருவரும் சேர்ந்து டாலாவுக்கு வந்தார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. எதிர்வீட்டுப் பீர் முகைதீன் ஜஸீலாவைக் கண்டதும் விழித்தார்.

"நீ எப்ப வெளியே வந்தே? காலையில சோறு கொண்டாந்தேன். 'நான் பாத்துக்கிறேன், போங்க'ன்னு உள்ளேயிருந்து பொம்பளைக் குரல் கேட்டுச்சே. மூணு நாளா நீதானே பதில் சொன்னே?"

கதவை உடைத்தார்கள்.

கிழவர் சுவரில் சாய்த்து உட்காரவைக்கப்பட்டிருந்தார். உடம்பு ஊதி, நிறம் மாறியிருந்தது. இறந்து மூன்று நாளாவது இருக்கும் என்றார் வந்து பார்த்த டாக்டர்.

வாய் நிறையக் கஞ்சி.

அதிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.