டிராம்போன்: ஒரு நண்பர்

கிட்ட வாங்க கண்ணுங்களா... இன்னும் கொஞ்சம் கிட்ட. வெளியே பாட்டுச் சத்தம் பெரிசு, என் குரல் சிறிசு. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே காதலில் விழுந்த ஒருத்தியின் கதை இது. நடுவில் ஒரு சண்டையும் வரும். பயப்படாமல் கேளுங்கள், உங்களை அழவைத்து அனுப்ப எனக்கு மனசு வராது.

டிசம்பர் திருவிழா வந்தால் பசிபிக் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற நம் காலி என்கிற நகரத்துப் பூங்காவில் இசைத்தட்டுப் பைத்தியங்கள் எல்லாம் கூடாரம் போட்டுவிடும். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு தட்டுச் சுழற்றி, அதாவது ரெக்கார்ட் பிளேயர். கடைசி நாளான முப்பதாம் தேதி மாலை ஒவ்வொருவராக மேடையேறி, அந்த வருஷம் வெளிவந்ததில் தமக்குப் பிடித்த பத்துத் தட்டுகளைச் சொல்ல வேண்டும். அதுவரை முதல் இடத்துத் தட்டின் லேபிள் மேல் தாள் ஒட்டி மறைத்து வைப்பார்கள். பாட்டைக் கேட்கலாம்... பேரைக் கேட்கக் கூடாது. அப்படி ஒரு மானப் பிரச்சினை!

நம் கதை நாயகி நயிபேவுக்கு அது மானத்துக்கும் மேலே. முப்பத்துமூன்று வயசு, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வருஷம் முழுக்கச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தட்டு வாங்குவாள், ஒவ்வொன்றையும் இருபது தடவை கேட்பாள், அப்புறம்தான் பட்டியலில் பேர் ஏறும். அந்தப் பத்து வரிதான் அவள் சொத்து. போன வருஷம் எர்மெஸ் என்கிற வானொலிக்காரன் மூன்று மாதம் காப்பி வாங்கிக் கொடுத்து, "உன் ரசனையே தனி நயிபே"ன்னு தேனாகப் பேசி, இருபத்தொன்பதாம் தேதி காலையில் அந்தப் பத்தையும் வரிசை மாறாமல் தன் பட்டியலென்று வானொலியில் வாசித்துவிட்டான். மறுநாள் மேடையில் அவள் வாயைத் திறந்ததும், "இது எர்மெஸ் சொன்னதாச்சே!" என்று கூட்டம் சிரித்தது.

பட்டியலும் போச்சு, அவனும் போனான். மிச்சம் நின்றது சந்தேகம் மட்டும்தான்.

இந்த வருஷம் இருபத்தாறாம் தேதி, மூன்று மணி இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் மழை... கூடாரத் துணி படபடவென்று அடிக்க, தாள் ஒட்டிய தன் முதல் தட்டை மெதுவாகச் சுழலவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையில் செய்தித்தாளைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் உள்ளே பாய்ந்தான்.

"மன்னிச்சுக்கோங்க... மழை விட்டதும் போயிடறேன்."

நனைந்த இமை. மழைத்துளி ஒன்று வலது கண்ணோரம் விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. தொழில் புத்தி போகுமா? இரண்டு கண்ணுக்கும் நடுவே அறுபத்துநாலு மில்லிமீட்டர் என்று மனசுக்குள் அளந்துவிட்டாள். அளந்த பிறகும் பார்வையை எடுக்கத் தோன்றவில்லை... ச்சீ, என்ன இது!

மூன்றாம் பாட்டு தொடங்கியது. பியானோ ஓடி வந்து நிற்கும் இடம். ஒரு சின்ன வெறுமை. அப்புறம் டிராம்போன், அந்த நீளப் பித்தளைக் குழல். அவள் உயிரையே வைத்திருக்கிற இடம் அது.

அவன் பச்சைப் புளியைக் கடித்த மாதிரி முகத்தைச் சுளித்தான்.

"என்னங்க, பல் வலியா?"

"இல்ல... அந்த டிராம்போன். அரை மூச்சு லேட்டா வருது."

"லேட்டா? இந்த வருஷம் வந்ததிலயே இதுதாங்க டிராம்போன்! லேட்டாம் லேட்டு... கேக்கத் தெரிஞ்சவங்க கேக்கணும்."

அவன் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து மூடிக்கொண்டான். அடுத்த அடி வருவதற்குள் அவன் உதடு அதை முணுமுணுத்தது. பாட்டு வருவதற்கு முன்னாலேயே!

நயிபேயின் முதுகில் ஈரக்காற்று ஏறியது. முந்நூறே முந்நூறு பிரதி போட்ட தட்டு. பசிபிக் கரைத் துறைமுகத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்தது. காலியில் இதை வைத்திருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இவனுக்கு எப்படி...?

"உங்களை யாரு அனுப்பினா? எர்மெஸா?"

"எர்மெஸ்னா யாரு?"

"ரொம்ப நல்லா நடிக்கிறீங்க. மழை விட்டாச்சு, கிளம்புங்க."

மழை விடவே இல்லை. அவன் அதை ஒரு தடவை பார்த்தான், அவளை ஒரு தடவை பார்த்தான், நனைந்துகொண்டே போனான். போகிறவன் முதுகைப் பார்த்து அவளுக்கு ஏன் இப்படிக் குறுகுறுக்க வேண்டும்...

மறுநாள் கையில் இரண்டு கோப்பை லுலாதாவோடு வந்து நின்றான். ஐஸும் பழமும் மிதக்க, பச்சையாகப் பளபளத்தது. "நேத்துக் கோவப்பட வச்சுட்டேன்ல. என் பேர் அல்பெய்ரோ."

பக்கத்தில் சொந்தாதுரோப் பழம் வேகவைத்து விற்கிற ஒமாய்ரா, நயிபேயின் சிநேகிதி, உப்பும் தேனும் ஒட்டிய கையோடு எட்டிப் பார்த்தாள். நயிபே ஒரு கோப்பையை வாங்கி அவளிடம் நீட்டினாள். "நீ முதல்ல குடிடி."

"ஏன்டி, நான் செத்தாப் பரவாயில்லையா?" ஒமாய்ரா மடக்கென்று பாதியைக் காலி செய்தாள். "விஷமில்ல. சர்க்கரைதான் கம்மி. தம்பி, என்ன வேலை பாக்குறே?"

"மெத்தை தைக்கிறேங்க்கா."

"மெத்தையா! நல்ல சம்பந்தம்டி நயிபே, தூக்கத்துக்குக் கவலையில்ல."

நயிபேயின் காது சிவந்துவிட்டது. அவனுக்கும்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டுச் சுழற்றியைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு கேக்கலாமா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தத் தட்டு... அதை முதல் இடத்துல வைக்காதீங்க. ஆறாவது போதும். எட்டு கூடப் போதும்."

ஓகோ... வந்துவிட்டதா விஷயம்! முதல் இடத்தைக் கலைத்துவிட்டு அதை எர்மெஸ் எடுத்துக்கொள்ளத் திட்டமோ?

"ஏன் வைக்கக் கூடாது?"

"தப்பு இருக்குங்க அதுல. நாலு பேர் கேட்டாச் சிரிப்பாங்க."

"இங்க பாருங்க. மத்த ஒம்போது தட்டுலயும் எல்லாரும் சரியா வர்றாங்க. கடிகாரம் மாதிரி வர்றாங்க. இதுல ஒரே ஒருத்தர் வர யோசிக்கிறாரு. வரலாமா... நமக்கு அங்க இடம் இருக்கான்னு. அந்த அரை மூச்சைக் கேக்கவே எத்தனை நாள் ஊசியைத் திரும்பத் திரும்ப வச்சிருக்கேன் தெரியுமா உங்களுக்கு?"

அவன் கோப்பையிலிருந்த ஐஸ் கரைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது, மழையே இல்லாத அந்த மத்தியானத்தில், இமை நனைந்திருந்தது.

இவன் எதையோ மறைக்கிறான். அது மட்டும் அவளுக்கு நிச்சயம். மறைக்கிறவன் மறுநாளும் வர வேண்டுமே என்று மனசு ஏங்கியதும் அதே அளவுக்கு நிச்சயம்... பாவம் பொண்ணு!

வந்தான். இருபத்தெட்டாம் தேதி முழுக்க மேசைக்குப் பக்கத்தில் நின்று அவளோடு பாட்டுக் கேட்டான். பட்டியலை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "கேக்காம இருக்கிறதும் ஒரு தந்திரம்தான்" என்றாள் அவள், போகும்போது.

"உங்க சந்தேகத்துக்கு லீவே கிடையாதா?"

"ஞாயித்துக்கிழமை அரை நாள்."

அவன் சிரித்த சிரிப்பு கூடாரத்தில் வெகுநேரம் தங்கியிருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி காலை வானொலியில் எர்மெஸ் தன் பட்டியலை வாசித்தான். அவள் தட்டில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆக, இவன் அவன் அனுப்பிய ஆள் இல்லை! சூடான பாண்டேபோனோ ரொட்டி நாலு வாங்கி வரலாம், ரெண்டு அவனுக்கு... என்று குதித்துக்கொண்டு கிளம்பினாள். வாங்கி வரும் வழியில், மூலைத் திருப்பத்தில் ஒரு தெரு வாத்தியக் கூட்டம் வாசித்துக்கொண்டிருந்தது. பியானோ ஓடி வந்து நின்றது. ஒரு சின்ன வெறுமை...

அரை மூச்சு கழித்து டிராம்போன் வந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை கண்ணுங்களா. நூறு பேர் ஊதினாலும் அந்தத் தயக்கத்தை அவள் காது பொறுக்கி எடுத்துவிடும். இருந்தாலும் திரும்பினாள். கன்னம் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு, அல்பெய்ரோ.

ரொட்டிப் பை கையில் சுட்டது.

பாட்டு முடிந்ததும் அவன் ஓடி வந்தான். "நயிபே..."

"அப்போ முதல் இடத்துக்குத்தான் லுலாதாவா?"

"இல்லீங்க..."

"வேணாம் வேணாம்னு சொன்னா நான் பிடிவாதமா வைப்பேன்னு கணக்குப் போட்டீங்களாக்கும். நான் என் நெஞ்சைத் திறந்து சொன்னப்போ உள்ளுக்குள்ள சிரிச்சுட்டே நின்னீங்க, இல்ல?"

"அது நான்தான்னு எப்படிங்க சொல்வேன்? அவ்வளவு உசத்தியாப் பேசிட்டீங்க. சொல்லணும்னு ஒவ்வொரு நாளும்..."

"நல்லாப் பேசுறீங்க. எர்மெஸும் இப்படித்தான் பேசினான்."

அவன் முகம் மாறியது. "எவனோ ஒருத்தன் பண்ணினதுக்கு நான் தலை குனிய மாட்டேங்க" என்றான் மெதுவாக. கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு நடந்தான். இந்தத் தடவை மழை இல்லை. அவளுக்குத்தான் தெரு மங்கலாகத் தெரிந்தது.

கூடாரத்துக்கு வந்ததும் பேனாவை எடுத்தாள். பட்டியலின் முதல் வரியை அடித்தாள். தாள் கிழிகிற மாதிரி அடித்தாள். ஆத்திரம் அடங்காமல், அவன் பேரையும் அடித்துவிடலாமென்று பைக்குள் ஒளித்து வைத்திருந்த அந்தத் தட்டின் உறை அட்டையை உருவிப் பின்பக்கம் திருப்பினாள். பியானோ, பாஸ், கொங்கா, எல்லாவற்றுக்கும் எதிரே முழுப் பேர். கடைசி வரியில், அவள் எத்தனையோ தடவை யாராக இருக்குமென்று சோறு ஆறிப்போக யோசித்த வரியில்,

டிராம்போன்: ஒரு நண்பர்.

பேனா நின்றது. அடிக்க அங்கே பேரே இல்லை, ஆத்திரத்தில் அதுவும் மறந்துபோயிருக்கிறது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி?" என்றாள் ஒமாய்ரா. நயிபே எல்லாவற்றையும் சொன்னாள். ஒமாய்ரா பழத்தோலை உரித்தபடியே கேட்டாள். "பேரும் போட்டுக்கல, இடமும் வேணாங்கிறான். திருட வந்தவன் எவனாச்சும் 'அக்கா, பூட்டை இழுத்துப் பாத்துக்கோங்க'ன்னு சொல்வானாடி? எர்மெஸ் உன் பட்டியலைத்தான் கொண்டுபோனான். காதையுமா கொடுத்துட்டே அவன்கிட்ட?"

முப்பதாம் தேதி மாலை. பூங்கா முழுக்கத் தலைகள். வானம் கருத்துக்கொண்டு வந்தது. நயிபே மேடையேறினாள். பார்த்தாள்... அவனைக் காணோம்.

பத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் சிலதை மட்டும் சொல்கிறேன். "பத்தாவது, 'திங்கட்கிழமைத் துறைமுகம்'. மூட்டை தூக்கிக்கிட்டே ஆடலாம். ஏழாவது, 'ஈர வெள்ளைச் சட்டை'. கல்யாணத்துக்குப் போடுங்க, சண்டைக்காரச் சித்தப்பாவும் எழுந்து ஆடிடுவாரு. நாலாவதுல அந்தம்மா குரல்... கேட்டுட்டு அரை மணி யார்கிட்டயும் பேசாதீங்க. ரெண்டாவது, 'மூணு பெண்களும் ஒரு பறையும்'. தப்பே இல்லாத தட்டு. தப்பே இல்லாததாலதான் ரெண்டாவது."

கூட்டம் சிரித்தது. தாள் ஒட்டிய தட்டை அவள் கையில் எடுத்தாள். அதோ... கூட்டத்துக்கு வெளியே, மாமரத்தடியில், கையில் நீளப் பெட்டியோடு ஒருவன். போகவா நிற்கவா என்று நிற்கிற நிலை.

"முதல் இடம். இதுல டிராம்போன் வாசிச்சவரு தன் பேரை அட்டையில போட்டுக்கல. அவரே இங்க வந்து சொல்லட்டும். சொன்னாத்தான் தாளைப் பிரிப்பேன்."

பூங்கா அடங்கியது. முதல் துளி மைக்கின் மேல் விழுந்து டக்கென்றது. அவன் அசையவில்லை. வரமாட்டான், வீம்புக்காரன், நான் சொன்ன சொல் அப்படி... என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அரை மூச்சு.

பெட்டி அசைந்தது. ஆட்கள் வழி விட்டார்கள். மழையில் நனைந்துகொண்டே மேடையேறி வந்தான். வலது கண்ணோரம் அதே துளி.

"அல்பெய்ரோ" என்றான் மைக்கில். "பாட்டுல லேட்டா வந்துட்டோமேன்னு வெக்கமா இருந்துச்சு. என் பேர் வேணாம்னு நானேதான் சொன்னேன்."

"ஏன் லேட்டு?"

"முக்கியமானதைச் சொல்ல வேண்டிய இடத்துல எனக்கு மூச்சு நின்னுடும்ங்க."

"நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க. வேற ஏதாவது சொல்ல மிச்சமிருக்கா?"

"இருக்கு..." அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஆயிரம் பேர் மழையில் நின்று அவனுக்காகக் காத்திருந்தார்கள். கீழே ஒமாய்ரா, "ஊதித் தொலையேன்டா தம்பி!" என்று கத்தினாள்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு நயிபே. முகம் சுளிச்சேனே... அன்னைக்கே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "லேட்டு."

"அரை மூச்சுதான்..."

"அந்த அரை மூச்சைத்தான் நான் ஒரு வருஷமாக் காதலிச்சுட்டு இருக்கேன்." சொல்லிவிட்டு, மழையில் ஊறிப்போயிருந்த தாளை ஒரே இழுப்பில் பிரித்தாள். "'அலை ஏறும் நேரம்'. இந்த வருஷத்தோட முதல் தட்டு. டிராம்போன், அல்பெய்ரோ. எழுதிக்கோங்க எல்லாரும்!"

அவ்வளவுதான் கண்ணுங்களா. அந்த அட்டை இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. 'ஒரு நண்பர்' என்பதை அவள் அடிக்கவில்லை, பக்கத்தில் சின்னதாக 'என்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறாள். நனையாமல் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டில் பாட்டும் சிரிப்பும் ஓயாமல் இருக்கட்டும், உலையில் எப்போதும் ஒரு ஆளுக்கு அதிகமாகவே வேகட்டும், தாமதமாக வருகிறவர்களுக்கும் உங்கள் கதவு திறந்தே இருக்கட்டும்.