கறுப்புக் கோட்டைத் துரத்தி

"இதுல எது எண்ணெய், அக்கா?" அக்காவின் கைபேசியில் தெரிந்த இரண்டு கறுப்புத் திட்டுகளைக் காட்டினான் ரொமால்ட்.

"பெருசுதாம்ல! படகை அங்க விடச் சொல்லு!" என்றாள் டெல்பின். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் கடலைக் கண்காணிப்பது அவள் வேலை. படகோட்டி கிளமென்ட் அண்ணன் தூத்துக்குடிக்குத் தெற்கே படகை விரட்டினார்.

ஏதோ ஒரு கப்பல் தன் கழிவெண்ணெயைக் கடலில் கொட்டியிருந்தது. சந்தேகத்துக்குரிய கப்பல் மாலையில் துறைமுகத்தை விட்டுப் போய்விடும். அதற்குள் சோதனைக்கு அந்த எண்ணெயில் கொஞ்சம் எடுத்தாக வேண்டும்! எண்ணெய் நகர்வதோ, ரொமால்ட் சங்கு குளிக்கும் பாரை, அந்தக் கடலடிப் பாறைத் திட்டை நோக்கி.

பெரிய திட்டு இருந்த இடத்தில் சுத்தமான நீர், காற்றே இல்லாத அமைதி.

"அடச்சே!" டெல்பின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "செயற்கைக்கோள் அனுப்புற ரேடார் அலை கடலோட சின்னச் சின்ன நெளிவுல பட்டுத் திரும்பி வந்தா அந்த இடம் வெளிச்சமாத் தெரியும். எண்ணெய் படர்ந்தா நெளிவு அடங்கிரும். ரேடார் அலை வேற பக்கம் தெறிச்சிரும், படத்துல கறுப்பு. ஆனா காத்து அடங்கினாலும் நெளிவு இருக்காது, அதே கறுப்புதான்! அவசரத்துல மறந்துட்டேன்."

சின்னத் திட்டைப் பெரிதாக்கினாள். நீளமான கோடு. ஒரு விளிம்பு கத்திபோல் கூர்மை. மறுவிளிம்பு காற்றில் பிய்ந்த நார்.

"காத்துக்கு இப்படிக் கோடு போடத் தெரியாது. இது கப்பல் ஊத்திக்கிட்டே போன தடம்!"

படகைச் சின்னத் திட்டுப் பக்கம் திருப்பினார்கள். எண்ணெய் கண்ணில் படும் முன்பே நாற்றம் வந்தது. அழுகிய முட்டையும் தாரும் கலந்த நெடி! பழுப்புக் கூழ் மிதந்தது. அதில் ஒரு கடலாமை, மூக்குவரை மூடி, செத்துக் கிடந்தது. கிளமென்ட் அண்ணன் காலையில் தின்ற புட்டைக் கடலுக்கே கொடுத்தார்.

"தூ! இவனுவள்லாம் மனுசனுவளா?" என்றார்.

டெல்பின் கண்ணாடிப் புட்டியை எடுத்துக் கூழில் முக்கப் போனாள்.

"பொறுக்கா!" ரொமால்ட் தடுத்தான். "நம்ம எஞ்சின்லயும் டீசல் ஒழுகுது. அது கலந்தா, 'உங்க எண்ணெய்தான்'னு கப்பல்காரன் கைகாட்டிருவான்."

"அப்ப எப்படில?"

"எஞ்சினை அணைச்சுத் தள்ளி நிறுத்துங்க. நான் நீந்துறேன்."

புட்டியை வாங்கிக்கொண்டு, வாயை இறுக மூடிக் குதித்தான். கூழ் தலைமுடியில் அப்பியது, காதுக்குள் வழுவழுவென இறங்கியது. நீந்திப் போய், புட்டியை நிரப்பி, மூடியைத் திருகினான்!

மாலைக்குள் கரை சேர்ந்தார்கள். அதிகாரிகள் கப்பலை நிறுத்தினார்கள். "படத்துல கறுப்பா இருந்தா நிழலா இருக்கும்," என்று சிரித்த கப்பல் தலைவனின் சிரிப்பு, அவன் தொட்டியின் எண்ணெயும் புட்டியின் எண்ணெயும் ஒன்றென்று சோதனையில் தெரிந்தபோது நின்றது. அதற்குள் எண்ணெயைத் தடுக்கும் மிதவை வேலி போட்டுச் சங்குப் பாரைக் காத்துவிட்டார்கள்.

தேங்காயெண்ணெய் தேய்த்தும் ரொமால்டின் நாற்றம் போகவில்லை.

"இனிமே பெருசை விட்டு வடிவத்தைப் பார்ப்பேன்ல," என்றாள் டெல்பின்.

"பாரு. ஆனா மோந்து பார்க்க ஆள் வேணும்ல?" என்று அவளைக் கட்டிப்பிடிக்க ஓடினான் ரொமால்ட். அலறிக்கொண்டு ஓடினாள் அக்கா!